தொண்டு செய்வார்க்கு முதற்பாடம்

(நல்லேப்பிள்ளியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டு விழா என்பது பாட்டும் கூத்தும் விருந்தும் மட்டும் கொண்டதன்று. ஓராண்டில் செய்தது என்ன, செய்ய வேண்டுவது என்ன என்று ஒரு குடும்பத்தார் கூடியிருந்து கணக்குப் பார்க்கும் நாளும் அதுவே. இச்சங்கத்தார் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகின்றனர். நோயுற்றாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றனர். இவை அரிய பணிகள். இவ்வாண்டு மற்றொரு வினாவும் சங்கத்தின் முன் வந்துள்ளது. செங்கற் சூளையிலும் கட்டட வேலையிலும் உழைக்கின்ற வடநாட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளை நம் மாலை வகுப்பில் சேர்த்துக் கொள்ளலாமா, ஆகாதா என்பதே அவ்வினா. இதில் உங்களுக்குள் இரு கருத்து உண்டென அறிகின்றேன். சமூகத் தொண்டும் தப்பெண்ணமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்ததும் அதனாலே போலும். என் கருத்தை இறுதியில் ஒளிக்காமல் கூறுவேன். அதற்கு முன் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

தப்பெண்ணம் யாது?

அறியாமை வேறு, தப்பெண்ணம் வேறு. ஒரு செய்தியை அறியாதவனுக்கு எடுத்துச் சொன்னால் அவன் தெளிவு பெறுகின்றான். தப்பெண்ணம் கொண்டவனோ எடுத்துச் சொல்பவன் மீதே சினம் கொள்கின்றான். ஒருவரைப் பார்க்கும் முன்னரே அவரைப் பற்றி முடிவு கட்டிவிடுதல் தப்பெண்ணத்தின் முதற்படி. அவருள் ஒருவன் செய்த குற்றத்தை அவ்வினத்தார் அனைவர் மேலும் ஏற்றுதல் இரண்டாம் படி. அவ்வினத்தில் நல்லவர் ஒருவரைக் கண்டால், இவர் மட்டும் விலக்கு என்று கூறித் தன் முடிவைக் காத்துக் கொள்ளுதல் மூன்றாம் படி. இம்மூன்றையும் கடந்து வராத தொண்டன் கையில் எத்துணைப் பொருள் இருந்தாலும், அவன் ஈயும் சோற்றில் ஒரு கல் இருந்தே தீரும்.

எல்லை நிலத்தின் இயல்பு

நாம் வாழும் இச்சித்தூர் வட்டம் இரு மொழிகள் கைகோத்துக் கிடக்கும் நிலம். மலையாள மொழியின் தந்தையெனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதி நாள்களைச் சித்தூரில் ஆற்றங்கரையில் கழித்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வாற்று நீர் பாயும் வயல்களில் தமிழ் பேசி நாற்று நடுவோரும் உளர். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் கொங்கன்படை என்னும் விழா நிகழ்கின்றது. கொங்கு நாட்டரசன் இந்நாட்டின் மேல் படையெடுத்து வந்தான் என்றும், பகவதியே முன்னின்று அவனை வென்றாள் என்றும் கூறும் பழங்கதையை நடித்துக் காட்டும் விழா அஃது. ஒரு காலத்துப் பகை இன்று மேளமும் வேடிக்கையுமாக மாறிவிட்டது. பகையும் நாளடைவில் விழாவாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்கு வேண்டுவதில்லை.

ஆயினும், ஒன்று போலத் தோன்றும் இரு மொழிகள் அருகருகே இருக்கும் இடத்தில்தான் பிணக்கு எளிதில் விளைகின்றது. நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அழிப்பது. மலையாளிக்கு அது குடிக்கும் தண்ணீர். நமக்குப் பட்டி என்பது ஆடு மாடு அடையும் இடம், சிற்றூரின் பெயர். அவருக்கு அது நாய். நமக்குச் சம்சாரம் என்றால் மனைவி; அவருக்கு அது பேச்சு. தெரிந்த சொல்லாயிற்றே என்று எண்ணிக் கேளாதிருப்பதனால் விளையும் குழப்பம் இது. முற்றும் தெரியாத மொழியென்றால் நாம் பொருள் கேட்டிருப்போம். மனிதரைப் பற்றியும் இப்படித்தான். அவர்களை நமக்கு நன்கு தெரியும் என்ற எண்ணமே அவர்களை அறிய ஒட்டாமல் தடுக்கின்றது.

நாம் பட்ட காயம்

பாண்டி என்ற சொல்லை ஏளனக் குரலில் கேட்காத தமிழ்க் குடும்பம் இப்பகுதியில் அரிது. அது மட்டுமன்று. 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாற்று அணைச் சிக்கல் முற்றிய போது, இடுக்கி எல்லையில் தமிழ்த் தொழிலாளர் தாக்குதலுக்கு ஆளாயினர். அஞ்சியவர்கள் மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்குச் சென்றனர். அதே நாள்களில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன என்பதையும் உடன் நினைத்தல் நேர்மை. இருபுறத்தும் அடிபட்டவர்கள் அணையைக் கட்டியவரும் அல்லர். வழக்குத் தொடுத்தவரும் அல்லர்.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். மறுநாள் மாலை கரிப்பூர் விமான நிலையத்தில் விமான விபத்து நேர்ந்தது. விமான விபத்தில் மாண்டோர் குடும்பத்துக்குப் 10 இலட்சம் ரூபாயும், பெட்டிமுடியில் மாண்டோர் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாயும் மாநில அரசு அறிவித்தது. ஓர் உயிருக்கு மற்றோர் உயிர் பாதியோ என்று தோட்டத் தொழிலாளர் கேட்டனர். அரசின் உள்ளத்தை ஆராய்தல் என் வேலையன்று. இரண்டும் இழப்பே, இரண்டிலும் அழுத தாயின் கண்ணீர் ஒன்றே. அந்த வினாவை எழுப்ப வேண்டிய நிலை வந்ததே என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

உதவியின் பெயரால்

அன்பர்களே! பகையினால் வரும் தப்பெண்ணத்தை நாம் எளிதில் கண்டுகொள்வோம். உதவியின் பெயரால் வருவதைக் காண்பது அரிது.

நம் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2013ஆம் ஆண்டில் அங்குப் பச்சிளங் குழந்தைகள் பலர் மாண்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. தாய்மாரின் இரத்தச் சோகை, நிலத்தை இழந்தமை, பழைய உணவு கைவிட்டுப் போனமை என ஆய்ந்தோர் பல காரணங்களைக் கூறினர். கேழ்வரகும் சாமையும் தினையும் விளைத்து உண்ட மக்கள் அவர்கள். நிலம் சுருங்கிற்று, பங்கீட்டுக் கடை அரிசி பானையில் ஏறிற்று. அரிசி கொடுத்தவர்கள் தீமை கருதிக் கொடுக்கவில்லை. அரிசி உண்பதே உயர்வு, சிறுதானியம் இல்லாமையின் அடையாளம் என்னும் எண்ணம் நம் அனைவர் உள்ளத்திலும் ஊறிக் கிடந்தது. 2017ஆம் ஆண்டில் அங்குச் சிறுதானிய வேளாண்மையை மீட்கும் திட்டத்தை அரசே தொடங்க வேண்டியதாயிற்று. அன்று பழங்குடித் தாயின் அடுப்பங்கரையில் அமர்ந்து, "அம்மா, உங்கள் வீட்டில் குழந்தைக்கு என்ன கொடுப்பது வழக்கம்?" என்று கேட்டிருந்தால், பாதி வழி மிச்சமாகியிருக்கும்.

அதே அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் மூதாட்டி நஞ்சியம்மாவுக்கு, 2020ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படப் பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முறையாக இசை பயிலாதவருக்கு இவ்விருதா என்று சிலர் கேட்டனர். ஆடு மேய்க்கும் வேளையிலும் தாலாட்டும் வேளையிலும் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்ததைப் பயிற்சியென்று ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தாம் அறிந்த அளவுகோலுக்கு வெளியே உலகமில்லை என்று கருதுவதும் தப்பெண்ணமே.

நமக்கு அணித்தான பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையை எண்ணிப் பாருங்கள். கொக்கோ கோலா ஆலை வந்த பின், கிணற்று நீர் கெட்டுவிட்டதென்று முதலிற் கண்டவர்கள் வீட்டுப் பெண்கள். சோறு வேகும் தன்மையிலும், நீரின் சுவையிலும், குளித்த பின் உடலில் எழுந்த அரிப்பிலும் அவர்கள் அதை அறிந்தனர். 2002 ஏப்ரல் 22ஆம் நாள் அங்குப் போராட்டம் தொடங்கிற்று. எரவாளர் குடியிற் பிறந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007இல் மறைந்தார். அவர் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் தம் பானையில் வேகும் சோற்றை எந்த ஆய்வுக் கூடமும் அவரினும் முன்னதாக ஆராய்ந்து விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குத் தம் துன்பமும் தெரியாது என்று எண்ணுகின்ற தொண்டன், தன் கையிலுள்ள சிறந்த கருவியைக் கீழே போட்டுவிடுகின்றான்.

பெயரும் சொல்லும் கூட இவ்வாறே. 2024 சூன் 18ஆம் நாள் கேரள அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வாழும் இடங்களைக் காலனி, சங்கேதம், ஊரு என்று இனி அழைத்தல் வேண்டா. அச்சொற்கள் அங்கு வாழ்வோர் மனத்தில் தாழ்வுணர்ச்சியை விளைக்கின்றன என்று அவ்வாணை கூறிற்று. நகர் முதலிய வேறு பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டன. நாமும் காலனியில் வாழ்பவர்களே. முகவரியைச் சொன்னவுடன் எதிரே நிற்பவர் முகம் மாறுவதை நம்முட் பலர் கண்டதுண்டு. ஆதலின் அவ்வாணையின் பொருள் நமக்கு விளங்குகின்றது. ஆனால் ஊர் என்ற சொல்? கணியன் பூங்குன்றனார் பிறந்த மொழியினர்க்கு அச்சொல்லின் உயர்வை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நமக்குத் தாய் போன்ற அச்சொல், மலையாளத்தில் பழங்குடிக் குடியிருப்புக்கு மட்டும் உரியதாகச் சுருங்கி, கேட்போர்க்கு இழிவாகத் தோன்றும் நிலையை அடைந்தது. சொல் ஒரு குற்றமும் செய்யவில்லை. அச்சொல்லால் சுட்டப்பட்ட மக்களை இழிவாக நினைத்த நினைப்பு சொல்லிலும் ஒட்டிக் கொண்டது. பெயரை மாற்றுதல் நன்று. நினைப்பு மாறாவிடில் புதுப் பெயரும் சில ஆண்டுகளில் அழுக்கேறும்.

நம் முதுகில் உள்ள அழுக்கு

இதுவரை பிறர் நம்மைப் பார்த்த பார்வையைக் கூறினேன். இனி நாம் பிறரைப் பார்க்கும் பார்வை. இதைக் கூறுகையில் உங்கள் முகம் சற்று வாடினாலும் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

முதலமடை ஊராட்சியில், பொள்ளாச்சி செல்லும் சாலையில் உள்ளது கோவிந்தாபுரம். அங்குள்ள அம்பேத்கர் குடியிருப்பில் வாழும் சக்கிலியர் குடும்பங்கள், தேநீர்க் கடையில் தமக்குத் தனிக் குவளை என்றும், குடிநீர் எடுப்பதிலும் பாகுபாடு என்றும் கூறிய முறையீடுகள் 2017ஆம் ஆண்டில் நாளேடுகளில் வந்தன. அப்படியொன்றும் இல்லையென்று மறுத்தோரும் உண்டு. நான் வழக்குரைக்க வரவில்லை. தமிழ் வழங்கும் எல்லையூர் அது என்பதை மட்டும் நினைவூட்டுகின்றேன். பாண்டி என்று பிறர் அழைத்தால் புண்படுகின்ற நாம், நம் மொழியே பேசுகின்ற மற்றொருவரை எந்தப் பெயரால் அழைக்கின்றோம்? அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. நம் வீட்டுத் திண்ணையில் அது ஒழிந்ததா என்பதை நாமே சொல்ல வேண்டும்.

2018 பிப்ரவரி 22ஆம் நாள் அட்டப்பாடியில் மது என்னும் பழங்குடி இளைஞர், அரிசி முதலிய உணவுப் பொருள்களைத் திருடினார் என்று கூறிக் கைகள் கட்டப்பட்டு, அடிக்கப்பட்டு உயிர் நீத்தார். கட்டுண்டு நின்ற அவரோடு படம் எடுத்துக் கொண்டவரும் உண்டு. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டது. அவர்களுள் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. அவர்கள் கொள்ளைக் கூட்டத்தார் அல்லர். குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள், நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். இவன் இப்படிப்பட்டவன்தான் என்று நெடுநாள் உள்ளத்தில் கிடந்த எண்ணம் ஒரு பகற்பொழுதில் கையில் ஏறிவிட்டது. கிண்டலில் தொடங்குவது அங்கே போய் முடியக்கூடும் என்பதால்தான் கிண்டலையும் நான் சிறியதென்று விட்டுவிடவில்லை.

நம் நல்லேப்பிள்ளியிலும் ஒரு நிகழ்ச்சி. 2024 டிசம்பரில் இங்குள்ள அரசு உயர் தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் கிறிஸ்துமஸ் கொண்டாடிய போது, சிலர் உள்ளே வந்து ஆசிரியர்களை மிரட்டினர் என்ற வழக்கில் மூவர் கைது செய்யப்பட்டனர். வழக்கை நீதிமன்றம் பார்த்துக் கொள்ளும். பண்டிகை எந்தச் சமயத்துடையதாயினும், ஒரு குழந்தைக்கு மற்றொரு குழந்தையின் வீட்டு மகிழ்ச்சியைக் காட்டித் தருகின்ற ஆசிரியை சமூகத் தொண்டே செய்கின்றார். அவருக்குத் துணை நிற்பது ஊரார் கடமை.

மருந்து உண்டா?

உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954ஆம் ஆண்டில் தப்பெண்ணத்தின் இயல்பு பற்றி ஒரு பெருநூல் எழுதினார். இரு கூட்டத்தார் அருகருகே வாழ்ந்தால் மட்டும் தப்பெண்ணம் குறைந்துவிடாது. சில நேரம் கூடவும் செய்யும் என்றார் அவர். அது குறைவதற்கு அவர் கூறிய நிலைகள் நான்கு: இருவரும் சமநிலையில் சந்தித்தல், இருவர்க்கும் பொதுவான ஒரு நோக்கம் இருத்தல், அதற்காகக் கூடி உழைத்தல், அதற்குப் பெரியோரின், சட்டத்தின் ஆதரவு இருத்தல். ஒருவர் கொடுத்துக் கொண்டே இருக்க, மற்றவர் வாங்கிக் கொண்டே இருக்கும் உறவில் இந்நான்கும் அமைவது அரிது. ஆதலின் அன்னதானத்தினும் கூட்டுச் சமையல் சிறந்தது என்பேன்.

ஜேன் ஆடம்ஸ் என்னும் அம்மையார் 1889ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஹல் ஹவுஸ் என்னும் தொண்டகத்தைத் தோற்றுவித்தார். இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே மிகுதி. ஆங்கிலம் கற்ற பிள்ளைகள், நாட்டுப்புற உடை உடுத்த தம் தாயரோடு நடந்து வர நாணினர். அம்மையார் அத்தாயர்க்கு அறிவுரை கூறவில்லை. 1900ஆம் ஆண்டில் ஒரு கைத்தொழிற் காட்சிக்கூடம் அமைத்து, அவர்களையே நூல் நூற்கச் செய்தார். ஊர்ப் பெரியோர் வந்து வியந்து நிற்பதைக் கண்ட பிள்ளைகள், தம் தாய் யார் என்பதை அன்றுதான் அறிந்தனர். பள்ளித் தோழர் முன் தாய் தமிழில் அழைத்தால் தலைகுனிகின்ற பிள்ளை நம் வீடுகளிலும் உண்டு. அப்பிள்ளைக்கு வேண்டுவதும் இத்தகைய ஒரு காட்சியே.

வீடு தேடிச் செல்வார்க்குச் சில சொற்கள்

நம் இளைஞர்கள் பணிக்காக வீடுகளுக்குச் செல்லும் போது மனத்திற் கொள்ள வேண்டியவை சில. அவர்கள் தரும் ஒரு குவளைத் தண்ணீரை வாங்கிப் பருகுங்கள். நம் நாட்டில் தொண்டனுக்கு வைக்கும் முதல் தேர்வு அது. அதில் தவறியவன் பின்னர்க் கூறும் சமத்துவப் பேச்சை யாரும் நம்புவதில்லை. பெயரைக் கேட்டு, மரியாதையோடு அப்பெயராலேயே அழையுங்கள். மருத்துவரிடம் தாய் தன் உடல் நோவைக் கூறுகையில், மொழி தெரிந்தவன் என்று அவள் மகனையே இடையில் நிறுத்தாதீர்கள். மகன் முன் அவள் வாய் திறவாள். மொழி அறிந்த ஒரு பெண்ணைத் தேடிக் கொணருங்கள். வேண்டுவது என்னவென்று கேட்ட பின் கொடுங்கள். கொடுக்கும் போது படம் எடுக்காதீர்கள். வாங்கியவன் பிள்ளை நாளை அப்படத்தைக் காண்பான். ஒருவன் குடித்து விழுந்தால் அவன் பெயரைச் சொல்லுங்கள். அவன் மாநிலத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.

முடிவுரை

இனி, தொடக்கத்திற் கூறிய வினாவுக்கு வருகின்றேன். வேண்டாம் என்போர் கூறுவன மூன்று. சங்கத்தின் பணம் சிறிது; இது தமிழர்க்கென அமைந்த சங்கம்; பழக்க வழக்கம் ஒத்து வராது.

பணம் சிறிது என்பது உண்மையே. ஆனால் பாய் விரித்த கூடத்தில் மேலும் சில பிள்ளைகள் அமர்வதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பாடம் சொல்ல முன்வரும் இளைஞர் ஓரிருவர் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. தமிழர்க்கென அமைந்த சங்கம் என்பதும் உண்மையே. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-அ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களுக்குக் கூறுகின்றது. அதைக் காட்டித்தான் நாம் தமிழ்வழிக் கல்வி கேட்கின்றோம். ஒடியாவோ வங்காளமோ பேசும் சூளைத் தொழிலாளியின் மகளும் அதே மொழிச் சிறுபான்மைக் குழந்தைதான். நமக்குக் கேட்கின்ற நியாயத்தை அவளுக்கு மறுத்தால், நம் கோரிக்கையின் வேரை நாமே வெட்டியவர்களாவோம்.

பழக்க வழக்கம் ஒத்து வராது என்னும் மூன்றாம் தடையைக் கேட்டபோதுதான் எனக்கு வருத்தம் மிகுந்தது. தோட்டத்துக்கும் ஆலைக்கும் பிழைக்க வந்த தமிழரைப் பற்றி முன்னர்ச் சொல்லப்பட்ட சொல்லும் அதுவே. கேரள அரசு இத்தொழிலாளரை அதிதி, அதாவது விருந்தினர், என்று அழைக்கின்றது. விருந்தோம்பலைத் தன் பெருமையாகச் சொல்லிக் கொள்ளும் இனம், விருந்தினரின் குழந்தையை வாசலில் நிறுத்தலாகாது.

ஆதலின் சேர்த்துக் கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் இரக்கத்தினால் சேர்க்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அப்பிள்ளைகளும் நம் பிள்ளைகளுக்குத் தம் மொழியில் ஒரு பாட்டோ, ஒரு கணக்கோ, பத்து வரை எண்ணுவதோ கற்பிக்கட்டும். அவர்கள் தாய்மாரும் நம் தாய்மாரும் ஒரு நாள் சேர்ந்து சமைக்கட்டும். எரவாளர் பிள்ளைகளும், சக்கிலியர் பிள்ளைகளும் அதே பாயில், அதே வரிசையில் அமரட்டும். சில பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்தி விடுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு உண்டு. ஒருவேளை நிறுத்தவும் கூடும். அவர்கள் வீட்டுக்குச் சென்று, கோபமின்றி, அவர்கள் கூறுவதையும் முழுதும் கேட்டுப் பின் பேசுங்கள். தப்பெண்ணம் உடையாரையும் வெறுக்காமல் நடத்துவது தொண்டின் கடினமான பகுதி.

செயற்குழு இன்று மாலை கூடுகின்றது என்று அறிந்தேன். நல்ல முடிவு எடுப்பீர்கள் என்னும் நம்பிக்கையோடு அமைகின்றேன். சங்கம் வளர்க!